மதுரையில் எபாக்ஸித் தரை: வெயில், காற்று, மழை, பனி பார்த்துப் பூசுவதற்கான முழுமையான வழிகாட்டி

திருமண மண்டபங்களுக்குத் தரைப்பூச்சு வேலை செய்பவர்களுக்கு ஒரு சங்கடம் நன்றாகத் தெரியும். முகூர்த்த நாள்கள் உள்ள மாதங்களில் மண்டபம் காலியாக இருக்காது. ஆடி, புரட்டாசி, மார்கழி பிறந்தால்தான் உரிமையாளர் சாவியைக் கையில் கொடுப்பார். எபாக்ஸி என்பது ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு பொருள்களைக் கலந்து தரையில் பூசி இறுகவிடும் பூச்சு. மதுரையில் அதைப் பூசுவதற்கு அந்த மூன்று மாதங்களுமே ஒத்துவராதவை. ஆடியில் புழுதிக் காற்று. புரட்டாசியில் பகலெல்லாம் புழுக்கம், பொழுது சாய்ந்தால் இடியோடு மழை. மார்கழியில் விடியற்காலைப் பனி.

சில ஆண்டுகளுக்கு முன் திருமங்கலம் சாலையில் ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்கு மார்கழியில் எபாக்ஸி பூசினோம். மாலை ஏழு மணிக்குக் கடைசிப் பூச்சைத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்தோம். குழல் விளக்கு வெளிச்சத்தில் தரை கண்ணாடி போல இருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தால், வாசல் பக்கத்தில் பாதிக் கூடம் சாம்பல் பூத்ததுபோல் மங்கிக் கிடந்தது. கையை வைத்தால் குத்துவிளக்கின் அடித்தட்டைத் தொட்டதுபோல் ஒரு பிசுக்கு. மண்டபத்துக் காவலர் வழக்கம்போல் நாலரை மணிக்குக் கதவுகளை அகலத் திறந்துவைத்து, வாசல் தெளித்திருக்கிறார். பனிக்காற்று உள்ளே வந்து, இன்னும் முழுதாக இறுகாத பூச்சின்மேல் படிந்துவிட்டது. அவர்மேல் குறையில்லை. கதவைத் திறக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதைவிட, அந்த மாதத்தில் ஏழு மணிக்கு வேலையைத் தொடங்கியதே என் தவறு.

வானிலை என்றதும் நாம் அண்ணாந்து பார்க்கிறோம். பூச்சுக்குத் தெரிந்த வானிலை தரைக்கு மேலே ஒரு சாண் காற்றும், தரைக்குக் கீழே உள்ள ஈரமும்தான். வெளியே சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே உள்ளே தரை வியர்த்துக்கொண்டிருக்கலாம். வெளியே மழை கொட்டும்போதும், நன்றாக மூடிய கூடத்தில் வேலை சரியாக முடியலாம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்கத் தரையை அளந்து பார்ப்பதைப் பற்றியது.

முதல் படி: மாதத்தைப் பாருங்கள்

நாள் உங்கள் கையில் இருந்தால் மாசி, பங்குனி மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். மழை ஓய்ந்து காங்கிரீட் உலர்ந்திருக்கும், பனி குறைந்திருக்கும், கத்திரி வெயில் இன்னும் வந்திருக்காது. இந்த இரண்டு மாதங்களில் தவறு செய்வதற்கே கொஞ்சம் முயற்சி வேண்டும்.

சித்திரையிலும் வைகாசியிலும், குறிப்பாக அக்னி நட்சத்திர நாள்களில், மதுரையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். காற்று வறண்டிருப்பது நல்லது. ஆனால் கலவை கையில் நிற்காது. வாளியிலேயே இறுகத் தொடங்கிவிடும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே பெரும்பாலும் இறக்கிவிட்டு, நம் பக்கம் வறண்ட காற்றாக வருகிறது. ஈரத்தைப் பொறுத்தவரை ஆடி நல்ல மாதம்தான். புழுதியை மட்டும் தடுக்க முடிந்தால், மண்டபக்காரர்களுக்கு நான் ஆடியையே சொல்வேன்.

ஆவணி, புரட்டாசி நம்ப முடியாதவை. ஐப்பசி, கார்த்திகையை விட்டுவிடுங்கள். மதுரையில் ஆண்டிலேயே அதிக மழை பெய்யும் மாதம் அக்டோபர். நடுவில் இரண்டு நாள் வெயில் காய்ந்ததும் "காய்ந்துவிட்டதே, ஆரம்பிக்கலாமே" என்று கேட்பார்கள். மேல்தோல் மட்டும்தான் காய்ந்திருக்கும். நனைந்த காங்கிரீட்டின் உள்ஈரம் இரண்டு நாளில் போகாது. வண்டியூர், மாடக்குளம் போன்ற கண்மாய்கள் நிரம்பும்போது அக்கம்பக்கத்தில் நிலத்தடி நீரும் மேலேறும். கண்மாய்ப் புறத்தில் உள்ள வீடுகளிலும் கிடங்குகளிலும் மழை நின்ற பிறகும் பல வாரங்களுக்கு ஈரம் கீழிருந்து மேலே வந்துகொண்டேயிருக்கும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் மண்ணும் இப்படித்தான். குடித்த தண்ணீரை எளிதில் விடாது.

இரண்டாம் படி: தரைக்குள் இருக்கும் ஈரத்தைச் சோதியுங்கள்

புதிய காங்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் ஆகியிருக்க வேண்டும். அது தொடக்கக் கணக்குதான். இடையில் மழையில் நனைந்திருந்தால், 28 நாள் ஆகிவிட்டது என்பதில் பொருளில்லை.

எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலித்தீன் தாளை எடுத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் தரையோடு ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். பிறகு பிரித்துப் பாருங்கள். தாளின் அடிப்பக்கத்தில் நீர்த்துளி இருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கருத்திருந்தாலோ, ஈரம் கீழிருந்து வருகிறது என்று பொருள். பெரிய கூடம் என்றால் ஓரிடத்தில் ஒட்டிப் பார்ப்பது போதாது. சுவரோரம், குளியலறையை ஒட்டிய பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகே, நடுக்கூடம் என்று நான்கைந்து இடங்களில் ஒட்டுங்கள். நேர் வெயில் விழும் இடத்தில் ஒட்டாதீர்கள். முடிவு பொய்யாக வரும்.

ஈரமானி கையில் இருந்தால் இன்னும் நல்லது. வழக்கமான எபாக்ஸி பிரைமர்களுக்கு, அதாவது காங்கிரீட்டின்மேல் நேரே போடும் முதல் பூச்சுக்கு, காங்கிரீட்டின் ஈரம் 4 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் கேட்கப்படும் அளவு. உங்கள் டப்பாவோடு வரும் தகவல் தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஈரத்தோடு பூசினால் உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்தோ, அடுத்த மழைக்காலத்திலோ தரையில் கொப்புளம் எழும். அதைக் குத்தினால் உள்ளிருந்து நீர் கசியும். அதற்குப் பிறகு உரித்தெடுத்து மறுபடி பூசுவதைத் தவிர வழியில்லை. ஈரமான தரைக்கென்றே ஈரம் தாங்கும் பிரைமர்கள் இருக்கின்றன. கூடுதல் விலைதான். பழைய கட்டடங்களில், தரைக்கு அடியில் பாலித்தீன் விரிக்காமல் காங்கிரீட் போட்ட இடங்களில், அந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள்.

மூன்றாம் படி: தரையைத் தயார் செய்வது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரைண்டிங் இயந்திரத்தால் மேல்தோலைத் தேய்த்து எடுத்து, தூசியை வாக்குவம் இயந்திரத்தால் உறிஞ்ச வேண்டும். விளக்குமாறால் பெருக்கினால் நுண்தூசி துளைகளிலேயே தங்கிவிடும். அமிலம் ஊற்றிக் கழுவும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வேண்டாம் என்பதே என் கருத்து. மழைக்காலத்தில் கட்டாயம் வேண்டாம். கழுவிய தண்ணீர் முழுவதும் காங்கிரீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய்க் கறை இருந்தால் முதலில் அதை நீக்கிவிட்டுத்தான் கிரைண்டிங் செய்ய வேண்டும்.

நான்காம் படி: மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

காற்றின் வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், தரையின் வெப்பநிலை. முதல் இரண்டையும் காட்டும் சிறிய கருவி மின்னணுக் கடைகளில் கிடைக்கும். மூன்றாவதுக்குத் துப்பாக்கி வடிவ வெப்பமானி. இரண்டுக்கும் ஆகும் செலவு, பாழான ஓர் அறையைக் கிரைண்டிங் செய்யும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. செல்பேசியில் தெரியும் வெப்பநிலை ஊருக்கானது. உங்கள் கிடங்கின் மூலைக்கானது அல்ல.

இந்த எண்களை வைத்துப் பனிநிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். குளிர்ந்த நீர் ஊற்றிய செம்பு வெளியே வியர்க்கிறதே, அதுதான் விஷயம். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் நீராக மாறுமோ, அதுவே பனிநிலை. தரை அந்த அளவுக்குக் குளிர்ந்திருந்தால் அதுவும் செம்பைப் போல வியர்க்கும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக இருக்கும் அந்த நீர்மேல் எபாக்ஸி ஒட்டாது.

விதி இதுதான்: தரையின் வெப்பநிலை, பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

பனிநிலைக்கு அட்டவணை உண்டு. அது கையில் இல்லாதபோது ஒரு மனக்கணக்கு உதவும். 100-லிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, வந்ததை 5-ஆல் வகுத்து, அதைக் காற்றின் வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் 100-லிருந்து 80 போனால் 20. ஐந்தால் வகுத்தால் 4. பனிநிலை ஏறக்குறைய 26. அப்போது தரை 29 டிகிரியாவது இருக்க வேண்டும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும். அதற்குக் கீழே போனால் பிசகும். ஆனால் அவ்வளவு வறண்ட நாளில் தரை வியர்க்கும் என்ற கவலையும் பெரும்பாலும் இல்லை. கத்திரி வெயிலில் 38 டிகிரி, 30 சதவீதம் ஈரப்பதம் இருக்கும்போது பனிநிலை 17 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

இந்தக் கணக்கிலேயே ஒன்று தெரியும். ஈரப்பதம் 85 என்றால் 15-ஐ ஐந்தால் வகுத்து 3. அதாவது தரையும் காற்றும் ஒரே வெப்பநிலையில் இருந்தால், இரண்டு விதிகளும் உண்மையில் ஒரே விதிதான். தரை காற்றைவிடக் குளிர்ந்திருக்கும்போதுதான் சிக்கல். ஈரப்பதம் 75 காட்டுகிறது, விதிக்குள் இருக்கிறோம் என்று தொடங்குவார்கள். ஆனால் நாள்கணக்கில் பூட்டிக் கிடந்த கிடங்கின் தரை வெளிக்காற்றைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாக இருக்கும். கதவைத் திறந்ததும் புழுக்கமான காற்று உள்ளே பாய்ந்து அந்தக் குளிர்ந்த தரைமேல் படியும். ஏ.சி. ஓடிய அறைகளிலும் இதே கதை. அப்படிப்பட்ட இடத்தில் ஏ.சி.யை முந்தைய நாளே நிறுத்திவிடுங்கள். தரையும் அறையும் ஒரே நிலைக்கு வரட்டும்.

தரையை ஒரே இடத்தில் அளக்காதீர்கள். மாடிப்படிக்கு அடியிலும், வெயில் படாத மூலையிலும், தண்ணீர்க்குழாய் ஓடும் சுவரோரத்திலும் வெப்பமானியைக் காட்டுங்கள். இருப்பதிலேயே குறைந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். தொடங்கும் முன் ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை, முடிந்த பின் ஒருமுறை சுவரிலேயே பென்சிலால் எழுதிவையுங்கள். பின்னாளில் தரையில் ஏதாவது வந்தால், காரணம் தேட அந்த எண்கள்தான் உதவும்.

ஐந்தாம் படி: நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

காலையில் சீக்கிரம் தொடங்கினால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கொத்து வேலைக்கு அது சரி. எபாக்ஸிக்கு, குறிப்பாகத் தகரக் கூரைக் கொட்டகையிலும் வெயில் நேரே விழும் தரையிலும், காலை நேரம் பெரிய இடைஞ்சல். காங்கிரீட் முழுக்க நுண்துளைகள். அவற்றில் காற்று இருக்கிறது. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, உள்ளே உள்ள காற்று விரிந்து மேலே வரும். அந்த நேரத்தில் மேலே பிரைமர் இருந்தால் அதைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். பத்து மணிக்குப் பூசிய தரையைப் பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் ஆப்பத்தின் நடுப்பகுதி போலக் கண் கண்ணாக இருக்கும்.

தரை சூடு இறங்கத் தொடங்கிய பிறகு பூசினால், துளைக்குள் இருக்கும் காற்று சுருங்கி, பிரைமரைத் தன்னோடு உள்ளே இழுக்கும். ஒட்டுதலும் கூடும். அதனால் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு, பிற்பகல் முதல் அரை மணிக்கு ஒருமுறை தரையை அளந்து, தொடர்ந்து இரண்டு அளவுகள் இறங்குமுகமாக வந்த பிறகு தொடங்குங்கள். கப்பலூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் வைகாசி மாதம் நான் அளந்தபோது, மூன்று மணிக்குத் தரை 43 டிகிரி காட்டியது. ஐந்தரைக்கு மேல்தான் இறங்கத் தொடங்கியது. இரவு எட்டு மணிக்கு மேல் பிரைமரைத் தொட்டோம். கோடை முழுவதும் அப்படிப்பட்ட இடங்களில் இரவு வேலைதான் சரி. மேலே மாடிகள் உள்ள கட்டடத்தின் தரைத்தளத்தில் தரை வெப்பம் அதிகம் மாறாது. அங்கே இந்தக் கெடுபிடி வேண்டாம்.

மார்கழியில் கணக்கு திரும்பிவிடும். அப்போது அஞ்ச வேண்டியது விடியற்காலை நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரை. அந்த நேரத்துக்குள் பூச்சு தொட்டால் ஒட்டாத அளவுக்கு இறுகியிருக்க வேண்டும். இரவுக் குளிரில் இறுகுவதும் மெதுவாகிறது. அதனால் பகல் பதினொன்றுக்கு மேல் தொடங்கி, மூன்று மணிக்குள் முடித்துவிடுவதுதான் என் வழக்கம். மார்கழி வெயிலில் தரை அவ்வளவு சூடேறாது. நிழலான கூடத்தில் துளைக்கண் வரும் அச்சம் குறைவு. இரவு முழுவதும் கதவு, சன்னல்களைச் சாத்திவையுங்கள். காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாசலில் எழுதியும் ஒட்டுங்கள்.

ஆவணி, புரட்டாசியில்தான் எந்த நேரமும் முழுதாகப் பொருந்தாது. தரை குளிரும் மாலை நேரத்தில்தான் மேகமும் திரளும். அந்த மாதங்களில் நன்றாக மூடிய கட்டடமாக இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். கலக்கும் முன் வெளியே வந்து பாருங்கள். காற்று நின்று, மேகம் திரண்டு இறுக்கமாக இருந்தால் அன்றைக்குப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். ஆள்கூலி ஒரு நாள் போகும். போகட்டும்.

ஆறாம் படி: பொருளைக் குளிர வைத்துக் கலப்பது

ரெசினும் ஹார்டனரும் சேரும்போது வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பமே வினையை மேலும் வேகப்படுத்தும். ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் கலவையின் ஆயுள் பாதியாகும். 25 டிகிரியில் 40 நிமிடம் என்று டப்பாவில் அச்சிட்டிருந்தால், 35 டிகிரியில் 20 நிமிடம்தான். டப்பாக்கள் பகல் முழுவதும் லாரியின் திறந்த தட்டில் வெயிலில் கிடந்திருந்தால் அதுவும் கிடைக்காது.

டப்பாக்களை முந்தைய நாளே வேலையிடத்துக்குக் கொண்டுவந்து நிழலான அறையில் வையுங்கள். கோடையில் மூடியைத் திறக்காமல், பெரிய தொட்டியில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு அதில் நிறுத்திவைக்கலாம். கலக்கும் முன் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து நன்கு உலர்த்துங்கள். ஒரு கரண்டித் தண்ணீர் உள்ளே போனாலும் கெடுதல்தான். ஐஸ் போட வேண்டாம். ரெசின் குளிர்ந்து கெட்டியாகிவிட்டால் காற்றுக் குமிழைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கோடையில் ஒரே நேரத்தில் கலக்கும் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கண்ணளவில் பாதியாகப் பிரிக்கக் கூடாது. விகிதம் எடையிலா, கொள்ளளவிலா என்று தாளில் பார்த்து, எடை என்றால் தராசில் நிறுத்துப் பிரியுங்கள். வேகமாக இறுகட்டும், அல்லது மெதுவாக இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரிய தவறு. மீந்த ஹார்டனர் பூச்சுக்குள்ளேயே தங்கி, தரையைப் பிசுபிசுப்பாக வைத்திருக்கும்.

மெதுவாகச் சுழலும் இயந்திரத்தில் மூன்று நிமிடம் கலக்கி, வாளியின் அடியையும் ஓரத்தையும் வழித்துவிட்டு மீண்டும் கலக்கி, உடனே முழுவதையும் தரையில் ஊற்றிவிடுங்கள். இதுதான் வெயில் காலத்தில் மிக முக்கியமானது. வாளிக்குள் மொத்தமாக இருக்கும்போது வெப்பம் வெளியேற வழியின்றி ஒன்றையொன்று சூடேற்றும். சில நேரம் புகையே கிளம்பும். தரையில் மெல்லியதாகப் பரவியதும் வெப்பம் காங்கிரீட்டுக்குப் போய்விடும். வேலை செய்ய நேரம் கிடைக்கும். வாளி புகைந்தால் அதைக் கையால் தூக்காமல், காற்றோட்டமான வெளியிடத்துக்கு நகர்த்தி மணலைக் கொட்டுங்கள். புகையைச் சுவாசிக்காதீர்கள்.

வியர்வையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோடையில் குனிந்து ரோலர் ஓட்டும் தம்பிகளின் நெற்றியிலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளியும் ஈரமான பூச்சில் ஒரு வட்டத் தழும்பாக நிற்கும். நெற்றியில் துண்டு கட்டச் சொல்லுங்கள். இன்னொரு துண்டு இடுப்பில் இருக்கட்டும். வியர்க்கிறதே என்று கையுறையைக் கழற்ற விடாதீர்கள். எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், அந்த மனிதரால் வாழ்நாள் முழுவதும் இந்தத் தொழிலைத் தொட முடியாமல் போகலாம். மாற்றுக் கையுறைகளை டஜன் கணக்கில் வாங்கிவையுங்கள். பக்கத்தில் குடிதண்ணீரும், அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றமும் இருக்கட்டும்.

ஏழாம் படி: காற்று, புழுதி, ஈசல்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். புழுதிக்குக் கேட்க வேண்டியதில்லை. காற்று வரும் பக்கத்துச் சன்னல், கதவு இடுக்குகளைப் பாலித்தீனும் ஒட்டுநாடாவும் வைத்து அடையுங்கள். ஆள் போய்வரும் ஒரே வாசலில் நனைத்துப் பிழிந்த சணல் சாக்கைத் தொங்கவிடுங்கள். வாசலுக்கு வெளியே பத்தடி தூரம் தண்ணீர் தெளியுங்கள். உள்ளே ஒரு சொட்டும் வேண்டாம். விட்டத்திலும் மின்விசிறி இறக்கையிலும் படிந்த தூசியை முந்தைய நாளே துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு பலத்த காற்றில் அது மொத்தமும் பூச்சின்மேல்தான் விழும்.

மின்விசிறியை ஈரமான பூச்சுக்கு நேராக ஓடவிடாதீர்கள். மேலே தோல் கட்டிக்கொண்டு கீழே ஈரமாகவே இருக்கும். குமிழ் சிக்கிக்கொள்ளும். அதே நேரம் ஆள்களுக்கு மூச்சுக் காற்று வேண்டும். காற்று வராத பக்கத்தில் உயரமான சன்னல்களைத் திறந்து, வெளியே இழுக்கும் விசிறியை அங்கே வையுங்கள். மின்தடைக்காக ஜெனரேட்டர் வைத்திருந்தால் அதன் புகை உள்ளே வராத தூரத்தில் நிறுத்துங்கள். அந்தப் புகையில் ஈரமும் கரியமில வாயுவும் இருக்கின்றன. மார்கழி மண்டபத்தில் நான் பார்த்த அந்தச் சாம்பல் பிசுக்கு, ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் அந்த இரண்டோடும் சேர்வதால் வருவதுதான்.

இரவு வேலையில் இன்னொரு விருந்தாளி உண்டு. மழை பெய்து விட்ட மாலையில் ஈசல் கிளம்பும். கூடத்துக்குள் வெள்ளை விளக்கு எரிந்தால் நூற்றுக்கணக்கில் வந்து ஈரப் பூச்சில் விழும். ஒவ்வொன்றாகப் பொறுக்கினாலும் இறக்கை மட்டும் தங்கிவிடும். கூடத்துக்கு வெளியே, தள்ளி ஒரு பிரகாசமான விளக்கைப் போட்டுவிட்டு, உள்ளே மங்கலான மஞ்சள் விளக்கில் வேலை செய்யுங்கள். பெருமளவு தப்பிக்கலாம்.

எட்டாம் படி: இரண்டு பூச்சுகளுக்கு இடையில்

ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை டப்பாத் தாளில் கொடுத்திருப்பார்கள். குறைந்த நேரம், அதிக நேரம் என இரண்டும் இருக்கும். வெயில் காலத்தில் இரண்டுமே சுருங்கிவிடும். அதிக நேரம் தாண்டிவிட்டால் மேற்பரப்பு பளிங்காகி, அடுத்த பூச்சு பிடிக்காது. அப்போது உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி நீக்கிவிட்டுப் பூச வேண்டும். பிரைமரில் துளைக்கண் தெரிந்தால் அப்போதே ரெசினும் மாவு மணலும் கலந்து அடைத்துவிடுங்கள். மேல்பூச்சு மறைத்துவிடும் என்று விட்டால், அதே கண் மேலேயும் வரும். மேல்பூச்சு தானாகச் சமன்படும் வகை என்றால், ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்று கணக்கிட்டு, பற்கள் வைத்த கரண்டியால் பரப்பி, முள் ரோலரை ஓட்டிக் குமிழை எடுங்கள். சூட்டில் இறுகத் தொடங்கிய பிறகு முள் ரோலர் போட்டால் அதன் தடம் நிரந்தரமாக நின்றுவிடும்.

காலையில் வந்ததும் முதலில் கையுறை போட்ட கையால் தரையைத் தடவுங்கள். பிசுக்கு இருந்தால் தின்னரால் துடைக்காதீர்கள். அந்தப் பிசுக்கு நீரில்தான் கரையும். தின்னர் அதை இழுத்துப் பரப்பத்தான் செய்யும். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கலந்து, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்தெடுங்கள். முழுதாக உலர்ந்த பின் உப்புத்தாள். அந்த மண்டபத்தில் இப்படித்தான் செய்தோம். மூன்று பேர், ஒன்றரை நாள். பிறகு மேலே இன்னொரு பூச்சு போட வேண்டியிருந்தது.

பூசிக்கொண்டிருக்கும்போதே மழை வந்துவிட்டால் பதறாதீர்கள். கலக்கிய வாளியைப் பரப்பி முடித்து, நேர்கோடாக ஓர் இடத்தில் நிறுத்துங்கள். அந்தக் கோட்டில் ஒட்டுநாடா ஒட்டியிருந்தால் மறுநாள் இணைப்பு சுத்தமாக வரும். புது வாளி கலக்காதீர்கள். கதவுகளைச் சாத்தி, ஈரப்பதத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். கூரை ஒழுகி, பூசிய இடத்தில் தண்ணீர் விழுந்தால் அந்த இடத்தைத் தொடாதீர்கள். இறுகிய பின் தேய்த்தெடுத்துச் சரிசெய்வதே எளிது.

எபாக்ஸி போடக் கூடாத இடங்கள்

திறந்த மாடி, வெயில் விழும் கார் நிறுத்துமிடம், வாசல் முகப்பு ஆகியவற்றில் வெறும் எபாக்ஸி போட்டால், மதுரை வெயிலில் வெள்ளைத் தரை மஞ்சளாகி, மேலே மாவு போல உதிரத் தொடங்கும். அங்கே வெயில் தாங்கும் பாலியூரித்தேன் மேல்பூச்சு கட்டாயம். மண்டபத்துச் சமையல்கட்டும் எபாக்ஸிக்கான இடமல்ல. கொதிக்கும் வடிகஞ்சி தினம் கொட்டும் தரையில் அது இளகி, பெயர்ந்துவிடும். சிமெண்டு கலந்த பாலியூரித்தேன் தரைதான் அந்தச் சூட்டைத் தாங்கும். உரிமையாளர் விலை அதிகம் என்பார். சமையல்கட்டை மட்டும் தனியாகப் பிரித்துக் கணக்குக் கொடுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

ஒன்பதாம் படி: நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

நம் ஊர் வெப்பத்தில் 24 மணி நேரத்தில் காலணியின்றி நடக்கலாம். மூன்று நாளில் லேசான பொருள்களை வைக்கலாம். மேசையை இழுப்பது, அடுப்பு வண்டி உருட்டுவது, தண்ணீர் ஊற்றிக் கழுவுவது ஆகியவற்றுக்கு முழுதாக ஏழு நாள் வேண்டும். மார்கழியில் இன்னும் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த நாள்களில் தரையின்மேல் சாக்கையோ பாலித்தீனையோ விரித்து மூடாதீர்கள். அடியில் ஈரம் தேங்கித் திட்டுத் திட்டாக நிறம் மாறும்.

ஆகவே தை மாத முதல் முகூர்த்தம் எந்தத் தேதி என்று உரிமையாளரிடம் கேட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இறுகுவதற்கு ஒன்பது நாள், மூன்று பூச்சுக்கு மூன்று நாள், கிரைண்டிங்குக்கு இரண்டு நாள், பாலித்தீன் சோதனைக்கு ஒரு நாள். ஈரப்பதம் ஒத்துவராமல் சும்மா உட்காரக் குறைந்தது நான்கு நாள். மொத்தம் பத்தொன்பது. அப்படியானால் மார்கழி பத்து தேதிக்குள் சாவி உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். அந்த நான்கு நாளைக் கொடுக்க அவர் தயங்கினால், வேலையை ஆடிக்கு ஒத்திவைக்கச் சொல்லுங்கள்.